தூங்காத பெட்டி

குந்தவைக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள், பாத்திரத்தை உருட்ட மாட்டாள். பேச்சைச் சுருக்கிவிடுவாள். அவள் வாயிலிருந்து "சரிங்க" என்று ஒற்றைச் சொல் வந்தால் வீட்டில் இருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருந்துகொள்ள வேண்டியதுதான். அன்று தஞ்சாவூர் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரத்தநாட்டுக்குத் திரும்பும் வழியில் மூன்று முறை "சரிங்க" சொன்னாள். காரை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் தமிழரசனுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். கேட்டுக்கொள்ள இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். அவர்கள் வீட்டுச் சோறு அந்த வாடகைக் காரில்தான் வேகிறது. ஐப்பசி பிறந்ததிலிருந்து ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆரம்பித்த சனியன். திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணத்துக்குப் போகவேண்டிய இரண்டு குடும்பங்களை வாசலில் பட்டுப்புடவையோடு நிற்கவைத்துவிட்டு, பக்கத்து டிராக்டர் பேட்டரியில் ஒயர் மாட்டி உயிர் கொடுக்க வேண்டியதாயிற்று. புதுப் பேட்டரி போட்டும் அதே கதைதான்.

"இந்த வாரத்துக்குள்ள சரியாகலன்னா வித்துட்டு தோஹா போயிடுறேன். அங்க டிரைவர் வேலை ரெடியா இருக்கு" என்று தமிழரசன் சொல்லிவிட்டான். அது சொன்னது திங்கட்கிழமை. இன்று வியாழன்.

சர்வீஸ் சென்டரில் டை கட்டிய ஒருவன் காரில் ஒரு கருவியைச் சொருகிப் பார்த்துவிட்டு, "பி.சி.எம். போச்சு. மாத்தணும். வர ஒரு மாசம் ஆகும்" என்றான். குந்தவை, "தூங்கும்போது எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டாள். அவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "மேடம், இதெல்லாம் உங்களுக்குப் புரியாது. சாரப் பேசச் சொல்லுங்க" என்றான்.

அவனுக்குத் தெரியாது, பாவம். காரின் கரண்டையெல்லாம் பங்கிட்டுக் கொடுக்கும் அந்தப் பி.சி.எம். பெட்டியை ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு வீதம் ஆறு வருஷம் சோதித்து அனுப்பியவள் அவள்.

அவள் அப்பா துரைராசு அரை வேலி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தையும் மேட்டூரையும் மாறி மாறிப் பார்த்தே வயதானவர். வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் மெட்ராசைச் சுற்றி வந்து இறங்கிய காலத்தில், பாலிடெக்னிக் முடித்த பெண்களை பஸ் வைத்து ஒரகடத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த பஸ்ஸில் குந்தவையும் ஏறினாள். தலையில் நீலத் தொப்பி, உடம்பின் மின்சாரம் பெட்டியைக் கெடுத்துவிடாமல் இருக்க, கையில் தரையோடு பிணைத்த பட்டை, எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை. ஹாஸ்டல் பெண்கள் நாலு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டப் பழகி லைசென்சும் எடுத்தார்கள். ஊரில் கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "கலெக்டருக்கு டிரைவரா போறியா?" என்று அவள் சித்தப்பாவே கேட்டார்.

கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒரே வீட்டில் இருக்க வேண்டும். புருஷனைப் போனில் மட்டும் பார்க்கிற பெண்கள் அவள் தெருவிலேயே ஏழு பேர். தமிழரசன் அப்பா அம்மா முன்னால் தலையை ஆட்டினான். அவன் வாக்கை நம்பித்தான் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஒரத்தநாட்டுக்கு வந்தாள். அவள் சேமிப்பும் அந்தக் காரில்தான் இருக்கிறது. இத்தனையும் ஒரு டை கட்டியவன் வாயால் ஒரு நிமிடத்தில் போகவேண்டுமா?

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. பரண்மேல் கிடந்த தன் மல்டிமீட்டரை எடுத்துத் துடைத்தாள். தமிழரசன் போனை நோண்டியபடி வாசல் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டான்.

"கம்பெனிக்காரனே சொல்லிட்டான். நீ என்னத்தக் கண்டுபிடிக்கப் போற?"

"சரிங்க" என்றாள் குந்தவை. அது நாலாவது.

அந்தக் காலத்துக் காரில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் விளக்குக்கும் தனித்தனியாகத் தடித்த ஒயர் ஓடும். சுவிட்சைத் தட்டினால் கரண்ட் நேராகப் போய் விளக்கை எரிக்கும். இப்போது அப்படியில்லை. சுவிட்ச் கேட்க மட்டும்தான் செய்யும். கொடுப்பது டிரைவர் காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் அந்தப் பெட்டிதான். வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் மாதிரி, யாருக்கு எப்போது எவ்வளவு என்பது அதன் கையில். ஹெட்லைட், வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு எல்லாம் அதனிடம்தான் வந்து நிற்கவேண்டும். முறுக்கிவிட்ட இரண்டு மெல்லிய ஒயர்கள் வழியாக எஞ்சின் பெட்டியோடும் மீட்டர் பெட்டியோடும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்திவிட்டால் கொஞ்ச நேரத்தில் பேச்சு அடங்கும். எல்லாம் தூங்கிவிடும். அப்போது பேட்டரியிலிருந்து அது குடிப்பது ஒரு மிடறுகூட இல்லை.

பேட்டரிக் கம்பியைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டினாள். கதவுகளை எல்லாம் சாத்திவிட்டுக் காத்திருந்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. மீட்டர் ஒன்றரை ஆம்பியரிலேயே நின்றது, இறங்கவே இல்லை. பெட்டி கெட்டுப்போகவில்லை. அது விழித்துக்கொண்டிருக்கிறது. யாரோ அதைத் தூங்கவிடாமல் தொந்தரவு செய்கிறார்கள்.

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். டேஷ்போர்டின் மேல் பிள்ளையாருக்கு முன்னால் குட்டி எல்.இ.டி. விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"அத்த, இந்த விளக்கு எப்ப போட்டது?"

மாமியார் ஞானாம்பாள் வாசலுக்கு வந்தாள். "ஆயுத பூஜை அன்னைக்குத்தான். வண்டிய நிறுத்துனா சாமி விளக்கும் அணைஞ்சு போகுது, அது ஆகாதுன்னு காத்தான் கடையில சொல்லி, எப்பவும் எரியற மாதிரி போடச் சொன்னேன். ஏன்?"

குந்தவை டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து விளக்கின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். கார் அலங்காரச் சாமான் விற்கிற காத்தான், சாவி எடுத்த பிறகும் கரண்ட் இருக்கிற ஒயர் எது என்று குத்திப் பார்த்திருக்கிறான். அகப்பட்ட முதல் ஒயரை உரித்து முறுக்கி டேப் சுற்றிவிட்டான். அது கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்று பெட்டிக்குச் சொல்லும் ஒயர். விளக்கு அதிலிருந்து கரண்டை உறிஞ்ச, பின்கதவு திறந்தே கிடக்கிறது என்று பெட்டி நம்பிக்கொண்டு, ராத்திரி முழுவதும் காவல் இருந்திருக்கிறது.

கதவு திறந்திருந்தால் டேஷ்போர்டு மீட்டரில் சிவப்பு அடையாளம் எரிய வேண்டுமே? எழுந்து அந்த மீட்டரைப் பார்த்தாள். சரியாக அந்த இடத்தில் ஒரு வேல் ஸ்டிக்கர். பக்தி என்று நினைத்திருந்தாள். நகத்தால் கிழித்தாள். சிவப்பாகக் கண்ணைக் குத்தியது.

"இது யார் ஒட்டினது?"

"நான்தான்" என்றான் தமிழரசன், கட்டிலை விட்டு எழுந்திருக்காமல். "ஏறுறவங்க எல்லாம் கதவு சாத்தலயா, கதவு சாத்தலயான்னு உயிர எடுத்தாங்க. எல்லாக் கதவும் சாத்தித்தான் இருந்துச்சு. சும்மா எரியுதேன்னு மறைச்சேன்."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"மறந்துட்டேன்."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். விளக்கு ஒயரை வெட்டினாள். பிள்ளையார் இருட்டில் உட்கார்ந்தார்.

"அடிப்பாவி, சாமி விளக்க அணைச்சுட்டியே" என்றாள் ஞானாம்பாள்.

"கோயில்லயே அர்த்தசாமத்துக்கு நடை சாத்துறாங்க அத்த. சாமியும் கொஞ்சம் தூங்கட்டும்."

உரித்த ஒயரைச் சுத்தமாகச் சுற்றி மூடினாள். கதவுகளைச் சாத்தியதும் சிவப்பு அடையாளம் அணைந்தது. மல்டிமீட்டர் பக்கத்தில் குந்தினாள். இருபதாவது நிமிடம் எண் சரசரவென்று இறங்கி இருபது மில்லி ஆம்பியரில் நின்றது. மூன்று வாரமாகக் கண்மூடாத பெட்டி தூங்கிவிட்டது. ஒரகடத்தில் ஒரு நாளும் வராத சந்தோஷம் அவளுக்கு அப்போது வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

"ஏங்க, சரியாயிடுச்சு. நாளைக்கு திருக்கடையூர் போகலாம். தோஹாக்காரனுக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிடுங்க."

தமிழரசன் முகம் வாடியது. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"விசா நேத்தே வந்துருச்சு, குந்தவ."

"திங்கக்கிழமைதான சொன்னீங்க? ரெண்டு நாள்ல எப்படி வரும்?"

அவன் காலால் மண்ணைக் கிளறினான். "பாஸ்போர்ட்ட ஆவணியிலயே கொடுத்துட்டேன்."

ஆவணியில் கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆவணியில் பிள்ளையாருக்கு விளக்கே கிடையாது. குந்தவை அதைக் கணக்குப் போட விரல்கூட மடக்கவில்லை. கார் கெட்டதால் அவன் போகவில்லை. போவதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தான், கார் அதைக் கொடுத்தது. அவள் அதைப் பிடுங்கிவிட்டாள். அதுதான் அவன் முகத்தில் இருந்த வருத்தம். மூன்று வாரமாக அவளை முட்டாளாக்கி, தஞ்சாவூர்வரை அலையவிட்டு, ஒருவன் அவமானப்படுத்துவதைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான். இந்த முறை "சரிங்க" வரவில்லை.

அந்த நேரத்தில்தானா அவன் போன் அடிக்க வேண்டும்? நாளைய திருக்கடையூர் சவாரிக்காரர். தமிழரசன் எடுப்பதற்குள் குந்தவை அதைப் பறித்தாள்.

"வண்டி வரும்ங்க. காலையில நாலு மணிக்கு உங்க வாசல்ல நிக்கும்." எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டது. "டிரைவரா? நான்தாங்க ஓட்டிட்டு வரேன். ஆறு வருஷமா லைசென்ஸ் இருக்கு."

போனை அவன் மடியில் போட்டாள்.

"என்ன வெளையாடுறியா?" என்று அவன் எழுந்தான். "பொம்பள டாக்ஸி ஓட்டுனா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்" என்றாள். "நீங்க தோஹால இருப்பீங்க. உங்க காதுல விழாது."