கூடை தலையிலதானே தொங்குது

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு எங்க தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். எதுக்கு வருதுன்னு மட்டும் யாரும் கேட்டதில்ல. கேக்காட்டியும் சொல்றேன். எனக்கு மார்பு ரெண்டும் ரொம்பப் பெரிசா இருந்துச்சு. உடம்பு சின்னது, ஒடுங்குன தோள், குச்சிக் கை, அதுக்கு நடுவுல ரெண்டு பாரம். அந்தப் பாரத்த ஆஸ்பத்திரியில வெட்டிக் குறைச்சிக்கிட்டேன். அதுக்கு முன்னால நான் பட்ட பாட்டையும், அதுக்குப் பின்னால மத்தவங்க என்னைப் படுத்துன பாட்டையும்தான் எழுதுறேன்.

இலங்கையில கொடகவெலக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம். தொண்ணூறுகளோட கடைசி. நான் கொழுந்து எடுக்குறவ, ரெண்டு பொம்பளப் பிள்ளைகளுக்குத் தாய். கொழுந்துக் கூடை முதுகுல கிடக்குதுன்னு படத்துல பாக்குறவங்க நெனைப்பாங்க. முதுகுல சாஞ்சிருக்கும், அவ்வளவுதான். தொங்குறது தலையில. கூடைக் கயிற தலையில மாட்டிக்கிட்டுத்தான் நாங்க மலையில நிக்கிறோம். கொழுந்து நெறைய நெறைய அந்தக் கயிறு தலையப் பின்னால இழுக்கும். என் நெஞ்சு என்னை முன்னால இழுக்கும். நடுவுல கழுத்து என்னதான் பண்ணும்?

மதியம் ஆகுறதுக்குள்ள விரல் எல்லாம் மரத்துப் போகும். பாடியோட பட்டி வெட்டி வெட்டி ரெண்டு தோள்லயும் விரல் பதியுற பள்ளம். மழைக் காலத்துல நெஞ்சுக்கு அடியில தோல் வெந்து புண்ணாகும். பழைய சீலைத் துணியக் கிழிச்சி மடிச்சி, அங்க வச்சிக்கிட்டு மலையேறுவேன். தோட்டத்து டிஸ்பென்சரியில போயி கழுத்து வலின்னா மாத்திரை குடுப்பாங்க. மறுபடி போனா அதே மாத்திரை, கூட ஒரு டப்பா தைலம். ஏன் வலிக்குதுன்னு ஒருத்தர் யோசிச்சதில்ல. பக்கத்து நெரையில எடுக்குற பொம்பளைங்க கிட்ட சொன்னா இன்னும் மோசம். "குடுத்து வச்சவடி நீ, இதுக்குப் போயி மூக்கச் சிந்துற"ன்னு சிரிப்பாளுங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இதத் தூக்கிக்கிட்டு நடந்து பாருங்கடின்னு சொல்லியிருக்கேன். அதுக்கும் சிரிப்புத்தான்.

ஒரு மழைக் காலத்துல புண்ணுல சீழ் வச்சு காச்சல் வந்துச்சு. இரத்தினபுரிக்குக் கொண்டு போனாங்க. அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, சிங்களப் பொண்ணு. திரைய இழுத்து மூடிட்டு, புண்ணப் பாத்தா. அப்புறம் தோள் பள்ளத்துல விரல வச்சுப் பாத்தா. "நங்கி, எவ்வளவு காலமா இப்படி?"ன்னு, தங்கச்சி முறை வச்சு சிங்களத்துல கேட்டா. எனக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. எல்லாத்தையும் கொட்டுனேன். "இது நோய்தான். குறைக்கிறதுக்கு ஒப்பரேசன் இருக்கு, கொழும்புல செய்றாங்க, நான் எழுதித் தர்றேன்"னா. நான் அழுதேன். ஒப்பரேசன நெனைச்சு அழல. வலிக்குதுன்னு சொன்னத ஒரு மனுசி நம்புனாளே, அதுக்கு அழுதேன்.

வீட்டுக்காரர் தோட்டத்து ஃபெக்டரியில வேலை. கெட்டவர் இல்ல, ஆனா ஊருக்குப் பயந்தவர். "ஊரு சிரிக்கும் புள்ள"ன்னார். ஊரு இப்ப மட்டும் என்ன அழுவுதான்னு கேட்டேன். மாமியாருக்கு வேற கவலை. "அடுத்தது ஆம்பளப் புள்ளையா பொறந்தா அதுக்கு என்னத்தக் குடுப்ப?"ன்னு வாய் கூசாமக் கேட்டாங்க. இருக்குற ரெண்டு புள்ளையையும் தூக்குறதுக்கு எனக்குக் கழுத்து இல்ல, பொறக்காத புள்ளைக்குப் பால் கணக்குப் போடுறாங்க. என் உடம்புல இருக்குற ஒண்ணு மேல என்னைத் தவிர எல்லாருக்கும் ஒரு சொந்தம் இருந்துச்சு. நான் எதையும் காதுல போட்டுக்கல.

கொழும்புல பெரிய டாக்டரம்மா ஒருத்தங்க. டெய்லர் மாதிரி டேப் வச்சி அளந்தாங்க. கழுத்து எலும்புல இருந்து கீழ வரைக்கும், அப்புறம் தோள் அகலம், இடுப்பு. நான் இருக்குற ஆத்திரத்துல, "எல்லாத்தையும் எடுத்துருங்க மிஸ், ஒண்ணும் வேணாம்"னேன். அவங்க சிரிக்கல. தோளுக்கும் இடுப்புக்கும் உசரத்துக்கும் பொருந்துற மாதிரித்தான் குறைப்போம், ரொம்ப எடுத்தா உடம்பே வேற ஆளு உடம்பு மாதிரி இருக்கும்னாங்க. காம்பச் சுத்தி ஒரு தழும்பு, அதுல இருந்து நேராக் கீழ ஒண்ணு, அடி மடிப்போட ஒண்ணு. அந்த எடத்துல உணர்ச்சி போகலாம், திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம். இனிப் புள்ள பொறந்தாப் பால் குடுக்க முடியும்னு சொல்ல முடியாது. ரெண்டும் அச்சா ஒரே அளவுல இருக்காது. எல்லாத்தையும் மறைக்காமச் சொன்னாங்க. அதுக்கு அவங்களக் கையெடுத்துக் கும்பிடலாம். அதுக்கு மேல அவங்களக் கும்பிட மாட்டேன், ஏன்னு சொல்றேன்.

முழிச்சுப் பாத்தப்போ நெஞ்ச இறுக்கிக் கட்டியிருந்தாங்க. ரெண்டு பக்கமும் ஒரு டியூப், அதுல தண்ணி கலந்த ரத்தம் போத்தலுக்கு வடிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. கட்டப் பிரிச்ச அன்னைக்குப் பயந்துட்டேன். வீங்கி, கத்திரிக்காக் கலர்ல, ரெண்டும் கழுத்துக்குக் கீழயே ஒட்ட வச்ச மாதிரி சதுரமா நின்னுச்சு. தொட்டா யாரோ வேற ஆளைத் தொடுற மாதிரி. வீக்கம் வடிஞ்சு கீழ எறங்க மாசக் கணக்காகும்னு நர்ஸ் சொன்னாங்க. இன்னொண்ணு, வயிறு திடீர்னு பெருத்துப் போன மாதிரி இருந்துச்சு. வயிறு அதே வயிறுதான், மேல மறைச்சிக்கிட்டு நின்னது போயிருச்சு. குளிக்குறப்போ குனிஞ்சேன், என் கால் விரல் எல்லாம் நேராத் தெரிஞ்சிச்சு. கழுத்துல வலி இல்ல. மேல வெட்டுக் காயம் எல்லாம் எரியுது, ஆனா கழுத்துல வலி இல்ல. அந்தச் சந்தோசத்த எனக்கு எழுதத் தெரியல.

யுத்த காலம், வர்ற வழியில செக்பொயின்ட்டுல எறக்கி, கட்டுப் போட்ட நெஞ்சத் தட்டித் தட்டிப் பாத்தாளே ஒரு பொலிஸ்காரி, அந்தக் கோவம் தனிக் கோவம். அத இதோட சேத்தா ரெண்டும் கெட்டுரும்.

ஒன்றரை மாசத்துக்குக் கையால பாரம் தூக்கக் கூடாது, தோள்ல எதையும் மாட்டக் கூடாது, கையத் தோளுக்கு மேல ஒசத்தக் கூடாதுன்னு ஆஸ்பத்திரித் துண்டுக் காயிதத்துல இங்கிலீசுல எழுதியிருந்தாங்க. அதக் கொண்டு போயி, காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல எல்லாரும் வரிசையா நிக்கிற நேரம், எங்களை மேய்க்கிற கணக்கப்பிள்ளை கிட்ட குடுத்தேன். எனக்கு லேசு வேலை குடுங்க ஐயான்னு கேட்டேன். தேயிலைக் கன்னு நர்சரியில உக்காந்து பொலித்தீன் பைக்கு மண்ணு நெரப்புற வேலை இருக்கு. ஆனா அது புள்ளத்தாச்சிக்கும், கைப்புள்ளக்காரிக்கும் மட்டும்தான். தோட்டத்து வழக்கம் அது. பொம்பளைக்கு வேற ஒரு சீக்கு வரும்னு அந்த வழக்கத்தப் போட்டவனுக்குத் தோணல.

கணக்கப்பிள்ளை துண்டப் படிச்சார். "நீ என்ன புள்ளையா பெத்துட்டு வந்திருக்க?"ன்னு கேட்டார். வரிசையில சிரிப்பு. அப்புறம் அந்தத் துண்டையே எனக்குப் பாடம் எடுத்தார். "கையால தூக்கக் கூடாதுன்னு இருக்கு. தோள்ல மாட்டக் கூடாதுன்னு இருக்கு. கூடை தலையிலதானே தொங்குது? தலைய டாக்டர் ஒண்ணும் சொல்லலையே. செடி இடுப்பளவு, கைய எங்க ஒசத்தப் போற?"

கொழும்பு டாக்டருக்குத் தலையில பாரம் தொங்கும்னு எப்படித் தெரியும்? அவங்க ஊர்ல பாரத்தக் கையில தூக்குவாங்க, தோள்ல மாட்டுவாங்க. அத ரெண்டையும் தடுத்துட்டாங்க. இந்த மனுசனுக்குத் தெரியும். கொழுந்தக் கிள்ளுறது இடுப்பளவுலதான், ஆனா கை நெறஞ்சா தோளுக்கு மேலால பின்னால கூடைக்குள்ள வீசணும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த வீச்சுத்தான் எங்க பொழப்பு. தெனம் முன்னால நின்னு பாக்குற ஆளு. "வீசணுமே ஐயா"ன்னேன். "மெதுவா வீசு. வராட்டி பேர வெட்டுவேன், பேர வெட்டுனா நீங்க குடியிருக்குற லயத்துக் காம்பிராவும் போகும்"னார். சாயங்காலம் வீட்டுக்காரர் கிட்ட சொன்னேன். அவரும் கொஞ்சம் யோசிச்சிட்டு, "அவர் சொல்றதும் சரிதானே, தலையிலதானே தொங்குது, கொஞ்சமா எடு"ன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா ரெண்டு புள்ளையக் கூட்டிக்கிட்டு எந்தத் தெருவுல நிக்கிறது? போனேன்.

மெதுவாத்தான் வீசுனேன். மொத நாள் இழுத்துச்சு. மறுநாள் ரவிக்கை எடது பக்கம் ஈரமா இருந்துச்சு, வேர்வைன்னு நெனைச்சேன். அந்த வாரம் முடியுறதுக்குள்ள அடி மடிப்புல தையல் வாயத் தொறந்துருச்சு. வீட்டுல வெளக்கப் புடிச்சுப் பாத்த வீட்டுக்காரர் அப்படியே தரையில உக்காந்துட்டார். "நான் சொல்லியிருக்கக் கூடாது"ன்னார். ஆமா, சொல்லியிருக்கக் கூடாதுன்னு நானும் சொன்னேன்.

மறுபடி கொழும்பு. அந்தப் பெரிய டாக்டரம்மா சுத்தி நின்ன மாணவப் பிள்ளைங்களுக்கு முன்னால வச்சு என்னைத் திட்டுனாங்க. "சொன்னா கேக்குறதில்ல இவங்க, வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் தூக்க ஆரம்பிச்சிருவாங்க." என்ன வேலைன்னு அவங்க கேக்கல. சொல்ல வாயெடுத்தேன், அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. தொறந்த காயத்தத் திரும்பத் தைக்க முடியாது, உள்ளுக்குள்ள இருந்துதான் மூடிக்கிட்டு வரணும்னு நர்ஸ் சொன்னாங்க. நாள் போகும், எடது பக்கம் சுருங்கி ஆறும், வலது மாதிரி இருக்காது. திரும்ப ஒருக்கா தொறந்துச்சுன்னா அந்தப் பக்கத்த எடுக்க வேண்டி வரலாம்னும் சொன்னாங்க.

அதுதான் என் தலையில நின்னுச்சு. திரும்ப ஒருக்கா தொறந்தா.

இந்தத் தடவை பெரட்டுக்குப் போகல. நல்ல சேலையக் கட்டிக்கிட்டு நேரா தோட்டத்து ஆபிசுக்குப் போனேன். வீட்டுக்காரர் வாசல் வரைக்கும் வந்தார். உள்ள தோட்டத்து மேனேஜர் தொரை, கணக்கப்பிள்ளை, கிளாக்கர் மூணு பேரு. விசயத்தச் சொன்னேன். காயம் தொறந்துருச்சு, கூடை போட முடியாது, நர்சரியில போடுங்க, போடாட்டியும் என் பேர வெட்டக் கூடாது. தொரை சிங்களத்துல கணக்கப்பிள்ளையக் கேட்டார், இது என்ன விசயம்னு. கணக்கப்பிள்ளையும் சிங்களத்துலயே பதில் சொன்னார். "இவங்களுக்கு வேலை செய்ய மனசில்ல சேர். காயம் தொறந்துச்சுன்னு வாயால சொல்றா. நமக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சிங்களம் தெரியாதுன்னு நெனைச்சாரோ என்னமோ. நான் தோள்ல குத்தியிருந்த ஊசியக் கழட்டுனேன். கழட்டி மேசையில வச்சேன். "தெரியணும்னா பாருங்க சேர்"னு சிங்களத்துலயே சொன்னேன். "நீங்களும் பாருங்க கணக்கப்பிள்ளை ஐயா. தெனம் சாயங்காலம் தராசுகிட்ட கொழுந்து நிறுக்குறப்போ, நான் முந்தானைய இழுத்து இழுத்து மூடிக்கிட்டு நிப்பேன். அப்ப உங்க கண்ணு எங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இப்ப நானே சொல்றேன், பாருங்க."

கிளாக்கர் பேனா மூடியத் திருகுனார். கணக்கப்பிள்ளை சுவர்ல இருந்த கலண்டரப் பாத்தார். ஒருத்தரும் என் பக்கம் திரும்பல. நான் முந்தானையில கைய வச்சபடி நின்னேன். கடைசியில தொரைதான், மேசையப் பாத்துக்கிட்டே, நாளைக்கு நர்சரிக்குப் போன்னார்.