பதில் சொல்லாத அம்மா

என் அக்கா தையல்காரி. கணவரும் எட்டு வயது மகளுமாகப் பாய்மரப் படகில் நான்கு வருடம் கடல் கடலாகச் சுற்றிவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் கரைக்கு வந்தாள். தெருவே அவளுக்குக் கப்பல்காரி என்று பெயர் வைத்துவிட்டது. மூன்றாவது மாடியில் வாடகை வீடு. இன்னமும் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரிக்கிறாள். இல்லாவிட்டால் தட்டு சரிந்துவிடுமாம். மேசை ஆடாது என்று நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் நம்பவில்லை.

படகில் அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் சொன்னதை மற்றவர் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். "கயிறை விடு" என்றால் "கயிறை விடுறேன்". பதில் வரவில்லை என்றால் ஆள் தண்ணீரில் விழுந்திருக்கலாம். மகளுக்கு, அதாவது எங்கள் குட்டிக்கு, நாலு வயதிலிருந்து இதே பழக்கம்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் "நோட்டை எடுங்க" என்றால் குட்டி எழுந்து நின்று, "நோட்டை எடுக்குறேன்!" என்று கத்துவாள். வகுப்பே சிரிக்கும். தினமும் இதே கூத்து. டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு, "வீட்ல நீங்க பதில் சொல்றத நிறுத்திப் பாருங்க, தானா மறந்துடுவா" என்றார். அவர் நல்ல மனுஷிதான். அக்காவுக்குப் புத்தி எங்கே போயிற்று? அன்றிலிருந்து குட்டி "அம்மா, வந்துட்டேன்!" என்று கத்தினாலும் அக்கா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பத்தே நாளில் குட்டி பேச்சையே நிறுத்திவிட்டாள். வகுப்பிலும் சரி, வீட்டிலும் சரி, ஒரு வார்த்தை கிடையாது.

நான் டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்ப்பவன். அங்குள்ள பயிற்சிக் காரிலேயே ஒருநாள் குட்டியைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தேன்.

"என்ன தங்கம், மாமாகிட்டகூடப் பேச மாட்டியா?"

ஜன்னலைப் பார்த்தபடியே, "நான் விழுந்துட்டாக்கூட அம்மா தேட மாட்டாங்க போல, மாமா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். குட்டி குளிக்கப் போனதும் அக்காவைத் திட்டித் தீர்த்தேன். குட்டி சொன்னதையும் அப்படியே சொன்னேன். அக்காவின் கையிலிருந்த காலர் துணி கீழே விழுந்தது.

"நாலு பிள்ளைங்களோட இவ ஒட்டணுமேன்னுதான்டா..." என்றாள்.

எழுந்து போய்க் குளியலறைக் கதவுக்கு எதிரே நின்றாள். நடுக்கடலில் நிற்பவளைப் போல, "துண்டை வெளியில மாட்டியிருக்கேன்!" என்று கத்தினாள்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. பதில் இல்லை. மறுபடியும் கத்தினாள், இந்த முறை குரல் உடைந்துவிட்டது.

"துண்டு வெளியில மாட்டியிருக்கு!" என்று உள்ளேயிருந்து குட்டி திருப்பிக் கத்தினாள்.

அந்தச் சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"கேட்டுச்சு கண்ணு, கேட்டுச்சு!" என்று கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அக்கா அழுதாள். நானும்தான்.