மச்சான் ஆடிய நட்சத்திர ஆட்டம்

காலை ஒன்பது மணிக்கு, மொன்றியலில் நாங்கள் இருந்த லாசால் பகுதியில் பஸ் ஏறினோம். நான், என் மகள் கவி, என் மனைவியின் தம்பி சிவம். பிள்ளைகளே, அது 2006ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிறு. மொன்றியலின் பெரிய பேஸ்போல் அணி வேறு நகரத்துக்குப் போனபின் வந்த இரண்டாவது கோடை. அந்த அணி இங்கே இருந்த காலத்திலும் நான் மைதானத்துப் பக்கம் போனதில்லை. தொலைக்காட்சியில் பார்த்தால் நித்திரை வந்துவிடும். அன்று புறப்பட்டது சிவத்துக்காக.

துறைமுகப் பக்கத்துப் பண்டகசாலைகளில் வேலை செய்கிறவர்கள் கோடையில் தங்களுக்குள் பேஸ்போல் ஆடுவார்கள். கோடை நடுவில் ஒவ்வோர் அணியிலும் நல்ல ஆட்டக்காரர் இருவரைத் தெரிந்தெடுத்து, கிழக்கு, மேற்கு என்று பிரித்து ஆட விடுவார்கள். அதுதான் நட்சத்திர ஆட்டம். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடிய சிவம், அங்கே வேலைக்குச் சேர்ந்து, பேஸ்போல் பழகி இரண்டு மாதத்தில் மேற்கு அணிக்குத் தெரிவாகிவிட்டான். அடி அப்படி.

ஆனால் ஒரு பழக்கம் அவனை விடவில்லை. கிரிக்கெட்டில் மட்டையோடு ஓடுவோம். மட்டை கோட்டைத் தாண்டினால் போதும். பேஸ்போலில் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி, பந்து வந்துசேருமுன் மூலையிலுள்ள வெள்ளைப் பையைக் காலால் தொடவேண்டும்.

ஒன்பதரைக்கு மெட்ரோ. ரிக்கெற் ஆளுக்கு இரண்டரை டொலர். மேற்கு முனையிலிருந்து வியூ நிலையம் வரைக்கும் வண்டி மாறத் தேவையில்லை. வழி முழுக்கக் கவிதான் வாத்தியார்.

“மாமா, அடிச்ச உடனே என்ன செய்வீங்கள்?”

“ஓடுவன்.”

“பிழை. முதல்ல மட்டையைப் போடோணும்.”

“ஓம் பிள்ளை, போட்டிட்டுத்தான் ஓடுவன்.”

“போன கிழமையும் ஓம் எண்டுதானே சொன்னனீ,” என்றேன் நான்.

“அத்தான், நீங்கள் ஒருக்காச் சும்மா இருங்கோ. இண்டைக்கும் பிழைச்சால் நாளைக்கு வேலைக்குப் போகேலாது. சிரிச்சே கொல்லுவாங்கள்.”

பத்தரைக்கு மைதானம். ஒலிம்பிக் அரங்கின் சாய்ந்த கோபுரம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. நுழைவு இலவசம், ஹொட்டோக் இரண்டு டொலர். பதினொரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது.

சிவத்தின் முதல் முறை வந்தது. பந்தைத் தரையோடு விரட்டினான். ஓடினான், மட்டையோடு. பைக்கு இரண்டடி முன்னால் குனிந்து, மட்டையை நீட்டிப் பையின் மேல் வைத்துவிட்டு, வந்து சேர்ந்தவன் மாதிரி நின்றான். பந்து வந்தது. நடுவர் கையை உயர்த்தினார். அவுட். கிழக்கு அணித் தலைவர் மிஷேல் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டார். கவி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

ஒரு மணியளவில் கடைசிச் சுற்று. மேற்கு ஓர் ஓட்டம் பின்னால். இருவர் அவுட், மூன்றாம் மூலையில் ஒருவர் நிற்கிறார். மட்டையோடு வருகிறவன் சிவம். அவன் முதல் பையைத் தொட்டால் மூன்றாம் மூலைக்காரரின் ஓட்டம் சேர்ந்து ஆட்டம் சமன், தவறினால் தோல்வி.

அடித்தான். பந்து உருண்டது. மட்டை கையிலேயே இருந்தது.

“மாமா, போடுங்கோ அதை!” என்று கவி கத்தினாள். அடுத்த கணம் “லாஷ் லூ! லாஷ் லூ!” என்று பிரெஞ்சில் ஒரு பெருங்குரல். அதை விடு என்று அர்த்தம். பார்த்தால், கத்துகிறவர் எதிரணித் தலைவர் மிஷேல். அவரோடு கிழக்கு அணியின் பாதிப் பேர்.

மட்டை புல்லில் விழுந்தது. சிவத்தின் கால் பையைத் தொட்ட பிறகுதான் பந்து வந்தது. அடுத்தவர் அவுட்டாக, ஆட்டம் ஆறுக்கு ஆறு. தலைவர்கள் இருவரும் இது போதும் என்று கைகொடுத்தார்கள். ஹொட்டோக் ஆறுகிறதாம். மட்டையை எடுத்துவந்து சிவத்திடம் கொடுத்தவரும் மிஷேல்தான்.

திரும்பும் மெட்ரோவில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஆட்டங்களில் எதிரணிக்காரன் பிழை விட்டால் நாங்கள் மூச்சும் காட்டமாட்டோம். அந்த மனிதர் தன் வெற்றியைத் தானே கத்திக் கெடுத்துக்கொண்டார். அதில் அவருக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு லாசால் பூங்காவில் எங்கள் ஆட்களின் கிரிக்கெட். சிவம் ஓங்கி அடித்தான். உடனே மட்டையைப் புல்லில் எறிந்துவிட்டுப் பறந்தான். பந்து விக்கெட்டில் பட்டபோது கோட்டுக்கு ஒரு மட்டை நீளம் வெளியே நின்றான். எதிரணி துள்ளிக் குதித்தது.

கவி போய் மட்டையை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

“மாமா, இங்க இதைக் கொண்டு ஓடோணும்.”