மேனேஜர் நாற்காலிக்கு நான் போன வழி

எங்கள் பனியன் கம்பெனி முதலாளிக்கு ஒரு சித்திரை மாதத்தில் ஞானம் வந்தது. திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் இருந்த அந்த யூனிட்டில் அதுவரை டீக்கு பிஸ்கட்டா வடையா என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்வார். திடீரென்று ஒருநாள், இனி எல்லோரும் தங்களைத் தாங்களே வழிநடத்த வேண்டும், சொந்தமாக யோசிக்கிற ஆளுக்குத்தான் காலியாக இருக்கும் மேனேஜர் வேலை என்று அறிவித்தார். சொந்தமாக யோசிக்கக் கற்றுக்கொள்ள யார் யாரை அனுப்புவது என்பதையும் அவரே யோசித்து முடிவு செய்தார்.

அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது என் வேலை. அதற்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர். வாங்கிய திட்டுக்கெல்லாம் சேர்த்து அந்த நாற்காலி எனக்குத்தான் வரவேண்டும் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே ஆசைப்பட்டேன்.

அவிநாசி சாலையில் ஒரு ஓட்டலில் வகுப்பு. அந்த வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு வந்த பயிற்சியாளர், கண்ணை மூடி ஒரு மலை உச்சியில் தனியாக நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். எந்த மலை என்று சொல்லாததால் நான் சென்னிமலையில் நின்றுகொண்டேன். பக்கத்தில் இருந்த எங்கள் கட்டிங் மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து, முன்வரிசையில் இருந்த முதலாளி என்ன செய்கிறார் என்று பார்த்தார். அவர் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே தானும் மூடினார்.

முதலாளிக்கு அந்த வகுப்பு போதவில்லை. அடுத்த கட்டத்துக்கென்று கொடைக்கானல் கிளம்பிவிட்டார். அங்கே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். போகும்போது மாஸ்டரிடம், "துணி வந்ததும் வெட்டிருங்க, ஷிப்மென்ட் தப்பக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் துணி வந்தது. பின்னல் துணி மிஷினில் சூட்டோடு இழுபட்டு, இறுகச் சுற்றப்பட்டு வரும். அதைப் பிரித்து ஓர் இரவு சும்மா போட்டுவைத்தால்தான் தன் பழைய அளவுக்குத் திரும்பும். பொறுக்காமல் வெட்டினால், அப்பாவுக்கு எடுத்த டீசர்ட் ஒரு சலவையில் மகனுக்குச் சேர்ந்துவிடும். இது திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். துணி வந்தது எனக்குத் தெரியவந்தபோது மாஸ்டர் முதல் அடுக்கை வெட்டி முடித்திருந்தார். துணியைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது.

"என்னங்க மாஸ்டர், துணி ஆறவே இல்லீங்களே?"

"எனக்கும் தெரியுதுங்க அம்மிணி. ஆனா வந்ததும் வெட்டோணும்னு ஓனரு சொல்லிப்போட்டுப் போயிருக்காருங்களே."

"சுருங்கிப் போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"அதை அவரு வந்து பாத்துக்குவாருங்க."

கொடைக்கானலுக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார்கள். ஷிப்மென்ட் லாரி தப்பினால் நாற்காலி போகும். வெட்ட விட்டால் ஆர்டரே போகும். கடைசியில் மேசையைக் காலி பண்ணச் சொல்லி, சுருள்களை எல்லாம் பிரித்துப் போட வைத்து, வெட்டுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் வெட்டத் தொடங்கி, தையலில் கூடுதல் ஆட்களை உட்கார வைத்து, லாரி கிளம்பும் நேரத்துக்கு எப்படியோ ஏற்றிவிட்டோம். முதலில் வெட்டிய அடுக்கில் தைத்தவற்றை மட்டும் துவைத்துப் பார்த்தோம். பொம்மைக்குப் போடலாம்.

முதலாளி முகமெல்லாம் சாந்தத்தோடு திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். சாந்தம் போய்விட்டது.

"நல்ல காரியந்தான் அம்மிணி. இருந்தாலும் என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமல்ல?"

"உங்க போனு அணைஞ்சிருந்துச்சுங்கண்ணா."

"ஆன் பண்ற வரைக்கும் பொறுத்திருக்கோணும்."

அந்த வாரமே மாஸ்டர் மேனேஜர் ஆனார். சொன்ன சொல் மீறாத ஆள் என்று மாலை போட்டார்கள். நானும் கைதட்டினேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த மாதம் அனுப்பர்பாளையத்தில் வேறொரு கம்பெனிக்கு மேனேஜர் வேலை கேட்டுப் போனேன். அங்கிருந்த முதலாளியும் அதே கோட்டுக்காரரின் வகுப்பில் உட்கார்ந்து வந்தவர்தான். தான் ஊரில் இல்லாதபோது அவசரமாக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

"நீங்க வர்ற வரைக்கும் பொறுத்திருப்பனுங்கண்ணா."

அப்போதே வேலை கிடைத்தது.

சேர்ந்த சில நாளில் சாயப்பட்டறையிலிருந்து நீலத் துணி வந்தது. சில சுருள்கள் மற்றவற்றோடு ஒட்டாமல் வெளுத்திருந்தன. முதலாளி ஒரு கல்யாணத்துக்காக வெள்ளகோவில் போயிருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை. வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, அது கண்ணுக்கு மறைந்த பிறகு அவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, நிறம் ஒட்டலீன்னா இறக்கவே கூடாதுன்னு அன்னைக்குச் சொன்னீங்கள்ல? அதேமாதிரி திருப்பி அனுப்பிட்டனுங்க."

அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை. நாதஸ்வரத்தை விட்டு அவர் தள்ளி நடந்து வருவது போனில் கேட்டது.

"பாத்தியா அம்மிணி," என்றார் பிறகு, பெருமையாக. "நாஞ்சொன்னா அதுல ஒரு காரணமிருக்கும்."

"ஆமாங்கண்ணா," என்றேன். வாய் கசந்தது. இருந்தாலும் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன்.