பல் செட்டுக்காரரின் மணிக்கட்டு

முழங்கால் ஆழ ஆற்றில் நின்றுகொண்டு பல் செட்டுக்காரர் தூண்டில்கோலைப் பின்னால் வீசுகிறார். நூல் காற்றில் நீண்டு நேராகப் போகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து மணிக்கட்டை லேசாக மடக்கிவிடுகிறார். அவ்வளவுதான், நூல் சுருண்டு வந்து அவர் தொப்பியிலேயே விழுகிறது. இறகால் கட்டிய பொய்ப்பூச்சி காதோரம் தொங்குகிறது.

"மணிக்கட்டு சார், மணிக்கட்டு!" என்று பின்னாலிருந்து வீச்சு சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் கத்துகிறார். கத்திவிட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வந்து, அவர் கையைப் பிடித்துத் திருத்துகிறார். "விசிறி வீசுற மாதிரி வீசாதீங்க. ஆணி அடிக்கிற மாதிரி டக்குனு நிறுத்துங்க."

"இந்த மரமண்டையில ஏறணுமே மாஸ்டர்!"

ஏறாமல் என்ன? மனிதர் நடிக்கிறார். இந்த வீச்சு அவருக்குக் கைவந்து ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது. பல் மருத்துவமனையின் பின்னறையில், மெழுகில் பல் பல்லாக நட்டு, கடைவாய்ப் பல்லை மயிரிழை பிசகாமல் சீவுகிற கை அது. ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லில்தான் சிரிக்கிறார்கள். ஆனால் ஒருவர் முகமும் அவருக்குத் தெரியாது. அச்செடுத்த வாய் மட்டும்தான் உள்ளே வரும். அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால், மனைவி இறந்த பிறகு, அங்கேயும் பேச நாதி இல்லை. மகள் ஃபோனில் "சாப்டியாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருவர் அவரை உரிமையோடு திட்டுகிறார், கையைப் பிடிக்கிறார். அதை விட யாருக்கு மனசு வரும்? மாஸ்டரோ கறாரான ஆள். தண்ணீரில் மிதக்கும் வளையத்துக்குள் பூச்சியை விழவைத்துவிட்டால் பாடம் முடிந்தது என்பார். "நீந்தத் தெரிஞ்சவனுக்கு முதுகுல சுரைக்குடுக்கை எதுக்கு?" அதனால் பல் செட்டுக்காரரின் பூச்சி வளையத்தைச் சுற்றி எங்கு வேண்டுமானாலும் விழும், உள்ளே மட்டும் விழாது. சொதப்புவதற்கும் எவ்வளவு திறமை வேண்டியிருக்கிறது, பாவம்!

இந்த ஞாயிறு கெட்டது காரியம். எதிர்க்கரைப் பாறையடியில் ஒரு பெரிய மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தது. அவர் யோசிக்கவே இல்லை, கை போய்விட்டது. நூல் நேராக நீண்டது. பூச்சி மீனின் மூக்கருகே தூசு போல இறங்கியது. லபக்!

மீனை வலையில் ஏந்தினார் மாஸ்டர். பிறகு சிரித்துவிட்டார்.

"அடப்பாவி மனுஷா! இத்தனை நாளா என்னை ஏமாத்திட்டீங்களே!"

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் மாஸ்டர்."

"யாருகிட்ட காது குத்துறீங்க? அடுத்த வாரத்துலேருந்து உங்க நேரத்துக்கு வேற ஆள் வரட்டும். இனிமே நீங்க தனியாவே மீன் பிடிக்கலாம் சார்." பெருமையாகத்தான் சொன்னார், முதுகில் தட்டியும் கொடுத்தார்.

பல் செட்டுக்காரர் வலையில் கிடந்த மீனை முறைத்தார். இந்தப் பாழாய்ப்போன மீனுக்கு இன்றைக்குத்தானா பசிக்க வேண்டும்? குனிந்து, கொக்கியைக் கழற்றி, மீனை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்துக்கொண்டார். பிடித்த மீனை அப்படியே தூக்கி எறியக்கூடாது. களைப்பு நீங்கும்வரை தண்ணீருக்குள் கையில் தாங்கியிருந்து, பிறகு விட வேண்டும். செவுள்கள் அசைந்தன. வால் ஒருமுறை அடித்தது, மறுபடியும் பலமாக அடித்தது.

"தெம்பு வந்துடுச்சு, விடுங்க சார்."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் மாஸ்டர்" என்றவர் விரல்களை இறுக்கிக்கொண்டார்.