மரப்பலகையில் படித்த என் நோய்

கழுத்தின் இடதுபக்கம் பாக்கு அளவில் ஒரு கட்டி. வலி இல்லை. சிட்னி ஆஸ்பத்திரியில் பயோப்சி (சதையைச் சிறிது வெட்டிச் சோதிப்பது) எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டொக்டர் என்னை வெளியே இருத்திவிட்டு, என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். எழுபதுகளில் அவுஸ்திரேலியாவிலும் அப்படித்தான். நோய் மனைவிக்கு, செய்தி கணவனுக்கு.

சுரப்பி வீங்கியிருக்கிறது, அடுத்த மாதம் கதிர் (ரேடியேஷன்) பிடித்தால் கரைந்துவிடும் என்று கணவர் வெளியே வந்து சொன்னார். சொல்லும்போது என் கைப்பையையே பார்த்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இடையில் அவருக்கு டோக்கியோவில் ஒரு வாரம் கம்பனி வேலை. என்னையும் கூட்டிப்போனார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் எங்கள் ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டிலிருந்து மெல்பேர்னுக்குக்கூடக் கூட்டிப்போகாத மனுஷன். சந்தேகம் முற்றிவிட்டது.

அங்கே நகரின் நடுவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, ஜப்பானியரின் ஷின்டோ மதக் கோவில் ஒன்று. சுற்றிவரக் காடு. சிறிது தூரம் உள்ளே போனதும் வாகன இரைச்சல் அடங்கிவிட்டது. அவ்வளவும் மனிதர் நட்ட மரங்களாம். அந்தக் காட்டையும் நான் நம்பவில்லை.

அந்தக் கோவிலில் வேண்டுதலைச் சிறு மரப்பலகையில் எழுதித் தொங்கவிடுவார்கள். அவர் ஒன்றை வாங்கிக்கொண்டு, என்னைக் கைகழுவும் தொட்டிக்கு அனுப்பினார். நான் போவதுபோலப் போய், அவர் அதைத் தொங்கவிட்டு நகர்ந்ததும் திரும்பி வந்தேன். டோக்கியோவில் யார் வாசிக்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் தமிழிலேயே எழுதியிருந்தார்.

"மல்லிகாவுக்குக் கான்சர். அவளுக்குத் தெரியாமலே சுகமாக்கிவிடு, தெய்வமே."

முதலில் வந்தது கோபம்தான், பயம்கூடப் பிறகுதான்.

அவர் என் பின்னால் வந்து நின்றார். "நீர் பயந்திடுவீர் எண்டுதான் சொல்லேல்லை."

"தெரியாமத்தான் இவ்வளவு நாளும் பயந்தனான். பேனையைத் தாங்கோ."

'அவளுக்குத் தெரியாமலே' என்பதை மட்டும் வெட்டினேன். மிச்சம் எனக்கும் வேண்டியதுதான். அவர் அழுதார். அவர்மேல் இரக்கமாக இருந்தது, ஆனால் கோபம் போகவில்லை.

சிட்னிக்குத் திரும்பியதும் டொக்டரிடம் நானே கேட்டேன். லிம்போமா (நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய்) என்றார். பல வாரம் கதிர்ச் சிகிச்சை. தொண்டை புண்ணாகிக் கஞ்சிகூட இறங்கவில்லை. கட்டி கரைந்தது.

உங்கள் வீட்டில் யாராவது உங்கள் முகத்தைப் பார்க்காமல் "ஒண்டுமில்லை" என்றால், டொக்டரிடம் நேரே கேளுங்கள்.

பல வருடம் ஆயிற்று. இன்றும் காலையில் எழுந்ததும் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். ஒன்றும் தட்டுப்படாது. உடனே நம்பமாட்டேன், இன்னொருமுறை தடவுவேன். அதற்குப் பிறகுதான் அன்றைய நாளை எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன்.