ஆயுத பூஜையில் வைத்த முள் பட்டை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அம்பத்தூரில் ஒரு லேத்துக்குக் கீழே இரும்புச் சுருள் பொறுக்கினேன். பிறகு அதே லேத்தை விலைக்கு வாங்கி வந்து ஒரகடம் கூட்டு ரோட்டில் பட்டறை போட்டேன். யார் கையையும் எதிர்பார்த்ததில்லை. எத்தனையோ தைரியசாலிகளுக்கு வேலை கொடுத்திருக்கிறேன். ஆனால் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுவது, பயந்து பயந்தே காவல் காத்த செங்கமலத்தைப் பற்றித்தான்.

1991. குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் யாருக்கும் நிம்மதி இல்லை. தெரியாத முகம் என்றாலே சந்தேகம். நான் சீசர் என்று ஒரு அல்சேஷன் நாயை வாங்கினேன். அதைப் பிடித்துக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றி வந்தவன் வாட்ச்மேன் சுப்பன். ஆடி மாதம் அவன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். அவன் பெண்சாதி செங்கமலம், மகள் சசிரேகாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கேட் ஓரத்து அறைதான் அவர்களுக்கு வீடு. நாயைப் பிடிக்கிறவருக்குத்தான் அந்த அறை என்று கறாராகச் சொன்னேன். தானே பிடிப்பதாகச் சொன்னாள். சொல்லும்போதே உதடு வெளுத்துவிட்டது.

காரணம் பிறகு தெரிந்தது. சிறு வயதில் ஒரே வெறிநாய் அவளையும் அவள் தம்பியையும் கடித்திருக்கிறது. அவளுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். தம்பிக்கு வெறும் கீறல்தானே என்று விட்டுவிட்டார்கள். அவன் தண்ணீர்ச் சொம்பைக் கண்டு அலறி அலறிச் செத்ததைப் பார்த்தவள் அவள்.

குன்றத்தூர் பாண்டுரங்கன் போலீஸ் நாய்களைப் பழக்கி ஓய்வு பெற்றவர். அவரை வரவழைத்தேன். அவர் மேசைமேல் மூன்று கழுத்துப் பட்டைகளை வைத்தார். ஒன்று சாதாரணத் தோல் பட்டை. ஒன்று, இழுத்தால் இறுகி, விட்டால் தளரும் சங்கிலி. சுப்பன் பிடித்தது அதைத்தான். இன்னொன்று முள் பட்டை. உள்பக்கம் மழுங்கிய இரும்பு முட்கள். இழுத்தால் கழுத்தைச் சுற்றிலும் குத்தும். செங்கமலம் முனைகளை விரலால் தடவிப் பார்த்து அதையே எடுத்தாள்.

"பயந்த கையில அது வேணாம்மா," என்றார் பாண்டுரங்கன். "ஒரு சுண்டு சுண்டிட்டு அப்பவே தளத்தணும். நீ இழுத்துப் புடிச்சிகினே இருப்ப. குத்துற நேரத்துல நாய் யாரப் பாக்குதோ, அவங்கதான் குத்துனாங்கன்னு நெனச்சிக்கும்."

"அதெல்லாம் எனுக்குத் தெரியாதுங்க. அது எங்க பக்கம் திரும்பக்கூடாது. அவ்ளோதான்."

சாயங்காலம் சுற்றி வரும்போது சசிரேகா அறை வாசலில் நிற்பாள். நாய் தலையைத் திருப்பும். செங்கமலத்துக்கு உயிரே போய்விடும். பட்டையில் மாட்டிய வாரை வெட்டி இழுத்து, விடாமல் பிடித்துக்கொள்வாள். இப்படியே தினமும். புரட்டாசி பிறந்தபோது, இழுப்பதற்கு முன்பே, குழந்தையைக் கண்டதும் நாய் பல்லைக் காட்டியது. பாண்டுரங்கன் வந்து பார்த்துவிட்டு, பட்டையை மாற்றாவிட்டால் பிள்ளைமேல் பாய்ந்துவிடும் என்றார். மாற்றினால் எதைக்கொண்டு அடக்குவது என்று அவள் அழுதாள். நாயை விற்றுவிடலாமா என்றேன். நாய் போனால் அறையும் போகும் என்று அவளே வேண்டாம் என்றாள். மகளை அறைக்குள் வைத்துத் தாழ் போட்டுவிட்டுத்தான் நாயைப் பிடிக்கப் போவாள்.

ஆயுத பூஜை வந்தது. என் பட்டறைப் பூஜையைப் பார்க்க ஊரே வரும். ஒரு இரும்பும் பாக்கி இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் கிரசினில் துடைத்து வையுங்கள் என்று உத்தரவு போட்டிருந்தேன். பூஜையில் வைத்த இரும்பை மறுநாள் பூஜை போடும்வரை தொடக்கூடாது என்பது என் சட்டம். ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்கு முன்னால் இருந்தன. செங்கமலம் தன் விசிலையும் முள் பட்டையையும் வைத்தாள். கூடவே நாய்க் கூண்டின் பூட்டையும் கழற்றி வைத்துவிட்டாள். அதுவும் இரும்புதானே. கூண்டுக் கதவைத் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டியிருந்தாள்.

எல்லோரும் பொரி, சுண்டல் வாங்கிக்கொண்டு போன பிறகு, சசிரேகா அறைப் படியில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பொரி தின்றுகொண்டிருந்தாள். செங்கமலம் பூஜைப் படத்துக்கு முன்னால் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஷெட்டைச் சுற்றிக்கொண்டு சீசர் வந்தது. வாயோரம் கயிற்று நார். கழுத்தில் ஒன்றுமில்லை.

குழந்தையைக் கண்டதும் நின்றது. தொண்டைக்குள் உறுமல். நான் ஷெட் வாசலில் இருந்தேன்; ஓடினால் அது பாய்ந்துவிடும். "பட்டைய எடும்மா, சாமி ஒண்ணும் சொல்லாது," என்று அடிக்குரலில் சொன்னேன். பட்டை அவள் கைக்கு எட்டுகிற தூரம்தான். கையை நீட்டியவள் நிறுத்திக்கொண்டாள். துடைப்பத்தையும் கீழே போட்டாள்.

மெதுவாக நடந்து குழந்தைக்கும் நாய்க்கும் நடுவில் போய் நின்றாள். கைகள் இரண்டும் தொங்கின. "சசி, அசையாத," என்றாள். பிறகு, "சீசர், வா, வூட்டுக்குப் போலாம்," என்று சொல்லிவிட்டு நாய்க்கு முதுகைக் காட்டிக் கூண்டைப் பார்த்து நடந்தாள்.

நாய் அவளைப் பார்த்தது. குழந்தையைப் பார்த்தது. எதற்கோ காத்திருப்பதுபோல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒன்றும் குத்தவில்லை. உறுமல் நின்றது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனது. அவளே முதலில் கூண்டுக்குள் நுழைந்தாள். அது நுழைந்ததும் அதன் உடம்பில் உரசிக்கொண்டு வெளியே வந்து, கதவை முதுகால் அழுத்தி நின்றாள். பூஜையிலிருந்த பூட்டை நான்தான் எடுத்து ஓடினேன். சட்டம் போட்டவனும் நான், மீறினவனும் நான். சந்தனம் ஒட்டியிருந்த பூட்டைப் பூட்டியதும் அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் பட்டையை எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அந்தப் பட்டையக் கண்டாலே, குத்துறது எம்பொண்ணுதான்னு நாய்க்கு நெனப்பு வரும்ண்ணே. நான்தானே அப்டிப் பழக்கி வெச்சிகீறேன்."

மறுநாள் பூஜை போட்டு எல்லோரும் தங்கள் கருவியை எடுத்தார்கள். அவள் விசிலை மட்டும் எடுத்தாள். முள் பட்டை படத்துக்குக் கீழேயே கிடந்தது. தோல் பட்டையை மாட்ட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. பாண்டுரங்கன் கூட நின்று, குழந்தையைத் தூரத்தில் நிறுத்தி, நாய் அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் செங்கமலத்தை ரொட்டித் துண்டு போட வைத்தார். பொங்கல்வரை அந்த உறுமல் முழுசாகப் போகவில்லை.

சுப்பன் தடி ஊன்றி வந்தான். நாயைப் பிடிக்க அவனால் முடியவில்லை. சீசர் கிழடாகிச் சாகும்வரை அவள்தான் காவல். பயம் போயிற்றா என்று ஒருநாள் கேட்டேன். தலையை ஆட்டினாள், இல்லையென்று. தினமும் கூண்டைத் திறக்குமுன் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொள்வாள். கேட்டைத் தாண்டும்போது கை நடுங்குவது எனக்கே தெரியும். வார் மட்டும் தளர்ந்து தொங்கும்.